எடைக்காரனின் கட்டைவிரல்

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்:
அந்தப் புத்தகத்தின் கடைசி இருபத்திரண்டு பக்கங்களை
நான்தான் புகைத்தேன்.

மத்தோசின்யோஸ் துறைமுகம். அடைமழை.
சிகரெட் சுருட்டத் தாள் கிடைக்காத வருஷம்.
மத்தி டப்பா ஆலையில் எடை போடுபவன் நான்.
தராசு மேசைக்கு ஒரு கால் குட்டை,
அதற்கு யாரோ முட்டுக்கொடுத்திருந்த தடித்த நாவல்,
அட்டை போயிருந்தது, எழுதியவர் பெயரும் அதோடு.
பின்னாலிருந்து கிழித்தேன்.
மெல்லிய தாள். சீராக எரிந்தது.
ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மார்ச்சில் பெல்மிரா அதை உருவி எடுத்தாள்,
அந்த இடத்தில் ஓட்டுத்துண்டைச் செருகிவிட்டு.
படகு வந்து சங்கு ஊதினால்தான் வேலை,
வேலை இருந்தால்தான் கூலி.
காத்திருக்கும் நாற்பது பெண்களில்
எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்தி.
எண்ணெய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்து
வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.
விரல்பட்ட இடமெல்லாம் மீன் வாடை.

கதையில் ஒரு மலையூர்.
எர்மெசிந்தா என்றொரு விதவை, கம்பளி விற்பவள்.
வாங்குகிறவன் படிக்கல் தட்டில்
கட்டைவிரலை வைப்பான்.
எழுதியவர் அந்த ஒரு விரலுக்கு
மூன்று பக்கம் கொடுத்திருந்தார்:
நகக்கண்ணின் அழுக்கு,
அது தன்பாட்டுக்கு இறங்குகிற நிதானம்,
விரலுக்குரியவனுக்கே தெரியாததுபோல அவன் பேசும் வானிலை.

மூன்றாம் பக்கம் முடிந்ததும் பெல்மிரா நிறுத்தினாள்.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் சீறியிருப்பேன், தப்பித்திருப்பேன்.
அவரவர் கைகளை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முதல் கூடை சுல்மிராவுடையது.
விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டைப்பைக்குள் போட்டேன்.
அவள் கூடையில் நானூறு கிராம் கூடியது.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
'கணக்கு ஏன் வீங்குகிறது?' என்றார் முதலாளி.
'மீன் கொழுத்த பருவம்' என்றேன்.

ஜூனில் கதை அறுந்தது.
நள்ளிரவு. வியாபாரி வீட்டு வாசல். உள்ளே தாழ்.
எர்மெசிந்தாவின் இடக்கையில் விளக்கு.
'அவள் வலக்கையை உயர்த்தி'
அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் புகைத்த பக்கங்கள்.

கொளுத்தினாள் என்றாள் சுல்மிரா.
அவன் ஏற்கெனவே செத்துக்கிடந்தான் என்றாள்
பதினாலு வயசு தெயோலிந்தா.
கடலுக்குப் போன புருஷன் திரும்பாத குஸ்தோதியா
வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
விளக்கை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்,
விடிய விடிய அவன்
கதவிடுக்கில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இதற்காக இரண்டு பேர் முகம் முறித்துக்கொண்டார்கள்.
அந்த வருஷம் ஞானஸ்நானத்தில்
மூன்று எர்மெசிந்தாக்கள்.
அளவு குறைக்கும் ரொட்டிக்காரனுக்குக்
'கம்பளி' என்று பெயர் விழுந்தது; அவன் பிள்ளைகளுக்கும்.

கூலியைக் குறைத்த அக்டோபரில்
நாற்பது விளக்குகள் முதலாளி வீட்டுக்கு நடந்தன.
நாற்பது வலக்கைகள் உயர்ந்தன.
தெருமுனையில், இருட்டில், நான் மூச்சைப் பிடித்து நின்றேன்.
தட்டினார்கள்.
தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பெல்மிராவை மூன்று வாரம் அடைத்துவைத்தார்கள்.
விளக்கோடு வரச்சொன்னது யார்,
அடுத்த திட்டம் என்ன என்று கேட்டார்களாம்.
'அந்தப் பக்கம் எங்களிடம் இல்லை'
என்றாளாம்.

போர்த்தோவின் பழைய கடையொன்றில்
போன வருஷம் முழுப் பிரதி கிடைத்தது.
எழுதியவர் பெயர் இருக்கிறது; சாதாரணப் பெயர்.
யாரும் பிரிக்காத பிரதி,
கடைசித் தாள்களின் விளிம்புகள்
இன்னும் வெட்டப்படாமல் ஒட்டியிருக்கின்றன.
மேசைமேல் புத்தகம். பக்கத்தில் மீன்கத்தி.

இரவில் இருமல் வரும்.
அந்த முடிவு எனக்குள்தான் எங்கேயோ இருக்கிறது,
கரியாக.
கத்தியை எடுக்கிறேன்,
கட்டைவிரலால் கூர் பார்க்கிறேன்,
வைத்துவிடுகிறேன்.